வளர்கிற பிள்ளைக்கு ஒரு சைஸ் பெரியதாக

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு நான் ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று இப்போதைய மேனேஜர் கேட்டார். அவர் எதிர்பார்ப்பது மோட்டார் சைக்கிள் விற்பனையின் நுணுக்கங்கள். கிடைக்கப்போவது நான் அசடு வழிந்த கதை. கிள்ளானில் இந்தக் கடையின் கவுண்டருக்குப் பின்னால் இருபத்தாறு வருடம் நின்றவனிடம் மிச்சமிருக்கிற சரக்கு அதுதான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மணலிலும் மேட்டிலும் ஓடுகிற ஸ்க்ராம்ப்ளர் பைக்குகளை நான் நிறைய விற்றிருக்கிறேன். ஓட்டியது மூன்றே முறை. மூன்று முறையும் நானாக இறங்கவில்லை. பைக்தான் என்னை இறக்கிவிட்டது. கடைசி முறை ஒரு வாடிக்கையாளருக்கு ஓட்டிக் காட்டப் போய், கடைக்குப் பின்னால் இருந்த சாக்கடையில் மல்லாந்து கிடந்தேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "பைக் நல்லாத்தான் இருக்கு அண்ணே, வேற ஆள் யாராவது ஓட்டிக் காட்டுங்க லா" என்றார். வாங்கவும் செய்தார். என் விற்பனைத் திறமைக்கு அதைவிட நல்ல சான்றிதழ் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆகவே ஓட்டுவதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். ஒரு பிள்ளைக்கு முதல் பைக்கும், அதோடு தலைக்கும் கைக்கும் காலுக்கும் போடுகிற சாமான்களும் எப்படிப் பார்த்து எடுப்பது என்று கேளுங்கள். அது எனக்குத் தெரியும். ஒரு தடவை முழுக்க முழுக்கத் தப்பாகச் செய்திருக்கிறேன் அல்லவா.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. பூச்சோங்கிலிருந்து மாணிக்கம் அண்ணன் வந்தார். மணல் லோரி வைத்திருந்தவர்; மூடிப்போன ஈயச் சுரங்கங்களிலிருந்து மணல் ஏற்றிக் கட்டுமான இடங்களுக்குக் கொண்டுபோவார். பள்ளி விடுமுறையில் தன் மகள் தேவியையும் லோரியில் ஏற்றிக்கொண்டு போவது வழக்கம். அந்த மணல் திட்டுகளில் வார இறுதிகளில் ஆட்கள் பைக் ஓட்டுவார்கள். ஒன்பது வயதுப் பெண் லோரியின் முன் சீட்டில் உட்கார்ந்து ஒரு வருடம் அதையே பார்த்திருக்கிறாள். பிறகு தனக்கும் ஒன்று வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள்.

"இவ அம்மா விடமாட்டேன்னுட்டா தம்பி," என்றார் மாணிக்கம் அண்ணன். "மூணு மாசமா நான் வீட்டுல நல்ல பிள்ளையா நடந்துக்கிட்டேன். பாத்திரம்கூட கழுவினேன். கடைசியில ஒரே ஒரு கண்டிஷன் போட்டு சரின்னா."

"என்ன கண்டிஷன் அண்ணே?"

"விக்கிற ஆள் அவர் வாயால சொல்லணுமாம், இது பிள்ளைக்குப் பத்திரம்னு. கல்யாணச் சீசன், அவளுக்குத் தையல் வேலை தலைக்கு மேல கெடக்கு, வரமுடியல. நீங்க சொன்னீங்கன்னா நான் போய் அப்படியே சொல்லிருவேன். இவளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா பைக்கும் கிடையாது, லோரி பக்கம் கூட்டிட்டுப் போறதும் கிடையாது. சரஸு சொன்னா சொன்னதுதான்."

தேவி பைக்குகளுக்கு நடுவில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். எதையும் தொடவில்லை. தொட்டால் யாராவது வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவார்கள் என்பதுபோல.

பிள்ளைகளுக்கான பைக் அன்று கடையில் இரண்டு இருந்தன. ஒன்று ஐம்பது சிசி. கியர் கிடையாது. கைப்பிடியை எவ்வளவு முறுக்கினாலும் வேகம் ஓர் அளவைத் தாண்டாதபடி தடுக்கிற சின்னத் திருகாணி ஒன்று அதில் இருக்கும். பிள்ளை பழகப் பழக அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தலாம். தேவி அதில் உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் தரையில் படிந்தன. முழங்கால் லேசாக மடங்கியிருந்தது. ஒரு வருடத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்ததில்லை என்று அவள் அப்பாவே சொன்னார்.

சொல்லிவிட்டு, "ஆனா இது பொம்மை மாதிரி இருக்கே தம்பி. ஆறு மாசத்துல முட்டி காதுக்கு வந்துருமே" என்றார்.

மற்றது எண்பது சிசி. கியர், கிளச் எல்லாம் உண்டு. அதில் ஏற்றி உட்காரவைத்தபோது ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்துக் கட்டைவிரல் தரையைத் தொட்டது. மறு கால் காற்றில் தொங்கியது.

"வளர்ற பிள்ளை தம்பி," என்றார் மாணிக்கம் அண்ணன்.

இந்த வார்த்தையை நீங்களும் கவுண்டரில் நின்று கேட்கத்தான் போகிறீர்கள். நம் வீடுகளில் அது கிட்டத்தட்ட சட்டம். தீபாவளிக்கு எடுக்கிற சட்டையின் கை மணிக்கட்டைத் தாண்டும். காற்சட்டையின் அடியை மூன்று மடிப்பு மடித்துத் தைப்போம். முதலாம் வகுப்பில் வாங்குகிற பள்ளிச் சீருடை மூன்றாம் வகுப்பில்தான் உடம்புக்குப் பொருந்தும். அதற்குள் அது வெளுத்துவிடும். பள்ளிக்கூடத்து வெள்ளைச் சப்பாத்தை இரண்டு சைஸ் பெரியதாக வாங்கி, முனையில் செய்தித்தாளைக் கசக்கித் திணித்துவிடுவோம். கால் வளர வளர செய்தித்தாளை எடுப்போம். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். என் மகனையும் அப்படித்தான் வளர்த்துக்கொண்டிருந்தேன். அதனால் மாணிக்கம் அண்ணன் அப்படிச் சொன்னதும் எனக்கு அது தவறாகவே படவில்லை. நல்ல தகப்பன் என்றுதான் நினைத்தேன்.

கடையின் முதலாளி ஒரு சீனர். எல்லாரும் தவுக்கே என்போம், அப்படியே இருக்கட்டும். பின்பக்கம் உட்கார்ந்து கார்புரேட்டர் கழுவிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். மலாயும் தமிழும் கலந்து பேசுவார். இரண்டையும் சிக்கனமாகப் பேசுவார்.

"கெச்சில் குடு," என்றார், சின்னதைக் காட்டி. "அதுல கால் தொங்குது. கால் தொங்கினா பாப்பா சொல்றத பைக் கேக்காது. பைக் சொல்றத பாப்பா கேக்கணும்."

நான் சிரித்துச் சமாளித்தேன். பாவம், தவுக்கேக்கு நம் ஆட்களின் வழக்கம் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். எண்பது சிசிக்குப் பில் போட்டேன்.

அடுத்து ஹெல்மெட். பிள்ளைகள் அளவில் முகம் முழுக்க மூடுகிற ஹெல்மெட் அப்போது அதிகம் வராது. அலமாரியில் இருந்ததில் ஒன்று தேவிக்குச் சரியாக இருந்தது. போடும்போது கன்னத்தைப் பிடித்து, காதைக் கொஞ்சம் இழுத்துத்தான் உள்ளே போனது. "வலிக்குதாடா?" என்றார் அப்பா. "இல்லப்பா, கட்டிப் பிடிச்சிருக்கு" என்றாள். அதைக் கழற்றிவிட்டு இரண்டு சைஸ் மேலே எடுத்துக் கொடுத்தவன் நான்தான். அவர் கேட்கக்கூட இல்லை. முந்திக்கொண்டேன்.

"அங்கிள், ஆடுது," என்றாள் தேவி உள்ளேயிருந்து.

"என்னம்மா ஆடுது?"

"ஹெல்மெட் அங்கேயே இருக்கு. என் தலை மட்டும் திரும்புது."

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. மேசையில் கிடந்த ஞாயிறு நாளிதழை நாலாக மடித்து, உள் துணிக்குப் பின்னால் பதமாகச் செருகி, மறுபடியும் மாட்டி, வாரைப் பூட்டினேன்.

"இப்ப?"

அவள் தலையை ஆட்டிப் பார்த்தாள். "இப்ப பேப்பரும் ஆடுது."

அவள் அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். "வாயப் பாரு இவளுக்கு!" நானும் சிரித்தேன். கடையிலிருந்த இரண்டு பெரிய மனிதர்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். விஷயம் தெரிந்த ஒரே ஆள் ஹெல்மெட்டுக்குள் இருந்தாள்.

மற்றவற்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். முழங்கை, முழங்கால் காப்புகள் பெரியவர்கள் அளவு. கயிற்றால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம் என்றேன். கணுக்காலை மூடுகிற பூட்ஸ் அவள் அளவில் இல்லை. வரவழைக்க மூன்று வாரமாகும். பள்ளிச் சப்பாத்தே போதும் என்றேன். கையுறையில் மட்டும் பெரிய சைஸ் தீர்ந்துபோயிருந்தது. வேறு வழியில்லாமல் கைக்குச் சரியானதை விற்றேன்.

கடைசியாக மாணிக்கம் அண்ணன் கேட்டார்: "அப்ப நான் சரஸுகிட்ட சொல்லிரட்டா தம்பி? பத்திரந்தானே?"

"பத்திரந்தான் அண்ணே. நான் சொன்னேன்னு சொல்லுங்க," என்றேன்.

வருகிற சனிக்கிழமை பத்து மணிக்கு மணல் திட்டிலேயே பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் தேவியே பைக்கை ஏற்றப்போகிறாள் என்று சொல்லிவிட்டு, பைக்கை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்.

அந்தச் சனிக்கிழமை காலை என் மகனின் தமிழ்ப்பள்ளியில் விளையாட்டுப் போட்டி. அதற்கென்றே விடுப்பு எடுத்திருந்தேன். நூறு மீட்டர் ஓட்டம். சிவப்பு இல்லத்து அணிக்காக என் மகன். விசில் அடித்ததும் பாய்ந்தான். பாதி தூரத்தில் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தான். நான் பெஞ்சின் மேல் ஏறி நின்று, பக்கத்தில் யார் தலையையோ பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தேன். அப்போது அவன் வலது சப்பாத்து காலை விட்டுக் கழன்றது. கழன்றது என்றால் சும்மா இல்லை. மேலே எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, ஆசிரியர்கள் உட்கார்ந்திருந்த கூடாரத்துக்கு முன்னால் போய் விழுந்தது. அதிலிருந்து கசங்கிய செய்தித்தாள் உருண்டு வந்தது. அவன் ஒரு சப்பாத்தோடு நொண்டி ஓடிக் கடைசியில் வந்தான்.

கூட்டமே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அவனைப் பெற்ற புண்ணியவான்தான். வாரை இறுக்கிக் கட்டித்தானே அனுப்பினேன், எப்படிக் கழன்றது என்று நினைத்தேன். நினைத்த மாத்திரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அதே செய்தித்தாள். அதே மாதிரி இறுக்கிப் பூட்டிய வார். சப்பாத்துக்குப் பதில் ஹெல்மெட்.

மணி எட்டே முக்கால்.

மாணிக்கம் அண்ணன் வீட்டில் போன் இல்லை. மகனை மனைவியிடம் விட்டுவிட்டு என் பழைய மோட்டார் சைக்கிளைக் கடைக்கு விரட்டினேன். தவுக்கே கடையைத் திறந்துகொண்டிருந்தார். அவரைத் தாண்டி உள்ளே ஓடி, அன்று தேவி கட்டிப் பிடிச்சிருக்கு என்று சொன்ன அந்தச் சின்ன ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

"எங்க கொண்டு போற?"

"பூச்சோங். அந்தப் பாப்பாவுக்குத் தப்பான ஹெல்மெட் குடுத்துட்டேன் தவுக்கே."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "ஹெல்மெட் மட்டுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, கதவு மடிப்புகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தார்.

பாதி வழி போன பிறகுதான் அந்தக் கேள்வி எனக்கு விளங்கியது. கட்டைவிரல் மட்டும் தரையைத் தொட்ட அந்தக் கால் நினைவுக்கு வந்தது. திரும்பிப் போய்ச் சின்ன பைக்கை எடுத்துவர நேரமில்லை. வழியெல்லாம் ஒரு பேச்சு தயார் செய்துகொண்டே போனேன். தப்பை ஒப்புக்கொள்ளாமல் தப்பைத் திருத்துகிற மாதிரி ஒரு பேச்சு.

மணல் திட்டை அடைந்தபோது பூஜை முடிந்திருந்தது. லோரியை ஓரமாக நிறுத்தி, அதன் நிழலில் பாய் விரித்திருந்தார்கள். சொந்தக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர், ஒரு பெரிய பாத்திரத்தில் கேசரி. பைக்கின் நெற்றியில் சந்தனப் பொட்டு, கைப்பிடியில் மல்லிகைச் சரம், இரண்டு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம். தேவி மேலே உட்கார்ந்திருந்தாள். கால் எட்டாததால் அவள் அப்பா பின்னாலிருந்து பைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"அடடே, தம்பியே வந்துட்டாரு!" என்றார் மாணிக்கம் அண்ணன். "சரஸு, நான் சொன்னேன்ல, இவர்தான்!"

சரஸ் அக்கா நிமிர்ந்து பார்த்தார். ஒல்லியான உடம்பு, கழுத்தில் இன்னும் எடுக்க மறந்த தையல் டேப். "நீங்கதானா தம்பி? நீங்க சொன்னீங்கன்னுதான் நான் சரின்னேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

தயார் செய்த பேச்சை எடுத்தேன்.

"அண்ணே, ஒண்ணுமில்ல, அந்த ஹெல்மெட்ட கம்பெனியில மாத்தச் சொல்லிட்டாங்க. பெயின்ட்ல ஏதோ கோளாறாம். புதுசு கொண்டாந்திருக்கேன்."

"அதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க? இருங்க, ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வரட்டும். அப்புறம் மாத்திக்கலாம்," என்றார். பொய்யில் உள்ள கஷ்டம் இதுதான். பெயின்ட் கோளாறுக்காக யாரும் என்ஜினை நிறுத்தமாட்டார்கள்.

"இல்ல அண்ணே, இப்பவே..."

"நல்ல நேரம் போகுது தம்பி. தேவி, ரெடியா? அப்பா விடப் போறேன்."

நான் இரண்டு எட்டு வைத்து என்ஜினை அணைத்தேன். யாரோ ஒருவர், "பூஜை போட்ட வண்டிய அணைக்கிறானே, யாரு இவன்?" என்றார்.

"கம்பெனி ஒண்ணும் சொல்லல அண்ணே," என்றேன். "நான்தான் தப்பான சைஸ் வித்துட்டேன்."

சொல்லிவிட்டு, தேவிக்குப் பின்னால் போய் நின்றேன். வார் கழுத்தடியில் பூட்டியபடியே இருந்தது. ஹெல்மெட்டின் பின் விளிம்பில் இரண்டு விரலை வைத்து மேலே தூக்கினேன். அது முன்பக்கமாகச் சரிந்து, அவள் மூக்கை ஒரு இழுப்பு இழுத்து, முழுசாகக் கழன்று என் கையோடு வந்துவிட்டது. கூடவே ஞாயிறு நாளிதழும் விழுந்தது. சினிமா விளம்பரப் பக்கம். ஒரு கதாநாயகன் மணலில் கிடந்து எங்களைப் பார்த்துச் சிரித்தான்.

சரஸ் அக்கா குனிந்து அதை எடுத்தார். "என் பிள்ள தலைக்குப் பேப்பரா வச்சு அனுப்பினீங்க?"

என் மகனின் சப்பாத்து பறந்த கதையைச் சொன்னேன். சமாதானத்துக்காகச் சொல்லவில்லை, எனக்கு வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை. நான் சொல்லச் சொல்ல, அவர் பார்வை மெதுவாகக் கீழே இறங்கியது. தேவி போட்டிருந்த பள்ளிச் சப்பாத்தில் போய் நின்றது. அந்தச் சப்பாத்துக்குள் திணித்திருந்ததும் செய்தித்தாள்தான். திணித்தவர் அவர்தான்.

தேவி கலைந்த முடியோடு பைக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள். "நான் அன்னைக்கே சொன்னேன், ஆடுதுன்னு," என்றாள். குரலில் கோபம் இல்லை. கணக்கு டீச்சர் மாதிரி இருந்தது.

சின்ன ஹெல்மெட்டை மாட்டினேன். பின்னாலிருந்து தூக்கிப் பார்த்தேன், அசையவில்லை. பக்கவாட்டில் திருப்பினேன், கன்னத்துத் தோலும் சேர்ந்து திரும்பியது. அதுதான் அளவு. கூட்டத்தில் ஒரு நிம்மதி. மாணிக்கம் அண்ணன், "சரி, முடிஞ்சதுல்ல, இப்ப ஓட்டட்டும்" என்று மறுபடி பைக்கைப் பிடித்தார்.

இளையவர்களே, உண்மையைச் சொல்லட்டுமா? அந்த இடத்தில் கிளம்பிப் போயிருக்கலாம். பாதி உண்மை சொல்லியாயிற்று. எல்லாரும் மன்னிக்கத் தயாராக இருந்தார்கள். ஒரு பெண் கேசரித் தட்டோடுகூட வந்துவிட்டாள். இரண்டாவது தப்பைச் சொல்வது முதலாவதைச் சொல்வதைவிடக் கடினம்.

"பைக்கும் வேணாம் அண்ணே," என்றேன்.

"என்ன?"

"பைக்கும் பெரிசு. கால் எட்டல. நீங்க கைய விட்டா அவளால நிறுத்திக்கிட்டு நிக்க முடியாது. மணல்ல சாஞ்சா கால் அடியில மாட்டிக்கும். அந்தச் சப்பாத்தும் சரியில்ல. கணுக்கால மூடுற பூட்ஸ் வேணும். முழங்கால் காப்பும் கயிறு போட்டு நிக்காது."

மாணிக்கம் அண்ணனின் முகம் சிவந்தது. "ஏன் தம்பி, ஹெல்மெட் தப்பு, பைக் தப்பு, சப்பாத்து தப்பு. அப்ப என்னதான் நீ சரியா வித்த?"

யோசித்துப் பார்த்தேன். "கையுறை அண்ணே," என்றேன். "அதுவும் பெரிய சைஸ் தீர்ந்துபோச்சு, அதனால."

யாரோ ஒரு பெரியம்மா களுக்கென்று சிரித்தார். பிறகு எல்லாரும். மாணிக்கம் அண்ணன் சிரிக்கவில்லை. தேவியும் சிரிக்கவில்லை. அவள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளைக்குக் கண்டிஷன் ஞாபகமிருந்தது. இனி பைக்கும் இல்லை, லோரியும் இல்லை. கடைக்காரன் வாயால் சொன்னது பொய்யாகிவிட்டது. அவள் கையுறை போட்ட கைகள் கைப்பிடியை இன்னும் விடவில்லை.

சரஸ் அக்கா அந்தச் செய்தித்தாளை நாலாக மடித்தார். ஏதோ துணியை மடிப்பதுபோல நிதானமாக.

"துணின்னா உள்ள ரெண்டு அங்குலம் விட்டுத் தைப்பேன், அப்புறம் பிரிச்சுக்கலாம்," என்றார். "தலைக்கு அப்படி விட முடியாதுல்ல." பிறகு என்னைப் பார்த்தார். "அந்தச் சின்ன பைக் இருக்கா இன்னும்?"

"இருக்கு அக்கா."

"திங்கக்கிழமை நான் வரேன். தையல் கெடக்கட்டும். நீங்க பத்திரம்னு சொல்ல வேணாம். எனக்குக் காட்டுங்க, நான் பாத்துக்கறேன்." தேவியைப் பார்த்து, "எறங்கு. திங்கக்கிழமை" என்றார்.

தேவி இறங்கினாள். அழவில்லை. ஆனால் கைப்பிடியை விட்ட பிறகும் கை கொஞ்ச நேரம் அதே மாதிரி மடங்கியிருந்தது.

எலுமிச்சம்பழம் மட்டும் பாக்கி. பூஜை போட்ட வண்டி பழத்தின் மேல் ஏறாமல் திரும்பக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். கடைசியில் மாணிக்கம் அண்ணனே ஏறி உட்கார்ந்தார். லோரி ஓட்டுகிற உடம்பு. அந்தப் பிள்ளை பைக்கின் ஸ்பிரிங் முனகியது. அவருடைய முழங்கால் இரண்டும் நிஜமாகவே காதுக்கு வந்தன. பழங்களை நசுக்கிக்கொண்டு நாலடி போய்ச் சாய்ந்தார். தேவி அப்போதுதான் சிரித்தாள்.

திங்கட்கிழமை சரஸ் அக்கா வந்தார். இரண்டு மணி நேரம் என்னைப் பிழிந்தெடுத்தார். புருவத்துக்கு ஒரு விரற்கடை மேலே டேப்பைச் சுற்றி மகளின் தலையை அளந்தார். சைஸ் அட்டையில் இருக்கிற எண்ணோடு ஒப்பிட்டார். எனக்கு அப்படி அளக்கவேண்டும் என்றே அதுவரை தோன்றியதில்லை. இப்போது உங்கள் கவுண்டர் இழுப்பறையில் ஒரு தையல் டேப் கிடக்கிறதே, பைக் கடையில் இது எதற்கு என்று நீங்கள் கேட்டீர்களாமே, அதற்குக் காரணம் அவர்தான். முழங்கால் காப்பைப் பிரித்து, தன் கையாலேயே மகளின் அளவுக்குத் தைத்துக்கொண்டுவந்தார். பூட்ஸ் வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் சின்ன பைக் என்ஜின் போடாமல் வீட்டு முற்றத்திலேயே நின்றது. தேவி அதில் உட்கார்ந்து பிரேக் பிடித்துப் பழகினாள். திருகாணி முழுக்க இறுக்கியபடி இருந்தது. தளர்த்துகிற உரிமையை அம்மா யாருக்கும் தரவில்லை.

எண்பது சிசி கடைக்குத் திரும்பியது. தவுக்கே அதன் நெற்றியில் இருந்த சந்தனத்தைத் துடைக்கவிடவில்லை. அடுத்து வந்த பன்னிரண்டு வயதுப் பையனின் அப்பாவிடம், "இது சாமி கும்பிட்ட பைக். வேற கடையில கிடைக்காது" என்று சொல்லி விற்றுவிட்டார். பையனின் இரண்டு பாதமும் தரையில் படிகிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான். என்னை அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு வருடம், யாராவது பிள்ளையோடு வந்தால், பின்பக்கத்திலிருந்து "பேப்பர் வேணுமா?" என்று குரல் வரும்.

நான் இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் ஏழெட்டு மாதம் கழித்து மூவரும் மறுபடி வந்தார்கள். கடை வாசலில் லோரி வந்து நின்றது. சும்மா யாரும் லோரியைக் கிள்ளான் டவுனுக்குள் கொண்டுவரமாட்டார்கள்.

தேவி உள்ளே வந்து ஹெல்மெட்டைக் கவுண்டர் மேல் வைத்தாள். நெற்றியிலிருந்து தாடை வரை ஆழமாக ஒரு கீறல். தாடைப் பக்கம் விரிசல் விட்டிருந்தது.

"மேட்டுல ஏறி எறங்கும்போது முன்சக்கரம் புதைஞ்சுருச்சு," என்றார் மாணிக்கம் அண்ணன். "ரெண்டு உருள் உருண்டா தம்பி. கீழ கல்லு. நான் ஓடிப் போறதுக்குள்ள எந்திரிச்சு நின்னு பைக்கத் தூக்கிக்கிட்டிருக்கா."

நான் தேவியைப் பார்த்தேன். முகத்தில் ஒரு கீறல் இல்லை. முழங்கையில் மட்டும் ஒரு பிளாஸ்திரி. ஒரு பல் இல்லை. அது தானாக விழுந்ததாம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லையாம். அவளே சொன்னாள்.

ஒரு தடவை அடி வாங்கின ஹெல்மெட்டை மறுபடி போடக்கூடாது. வெளியே தெரியாவிட்டாலும் உள்ளே அதன் வேலை முடிந்திருக்கும். அதைச் சொல்லிவிட்டு, புதியதை எடுக்கத் திரும்பினேன். பழக்கதோஷம், மாணிக்கம் அண்ணன் வாயைத் திறந்தார். "வளர்ற..." என்று தொடங்கி, மனைவியைப் பார்த்துவிட்டு, "அளந்து பாருங்க தம்பி" என்று முடித்தார். சரஸ் அக்கா ஏற்கெனவே டேப்பைப் பிரித்துவிட்டிருந்தார்.

தேவி மட்டும் பழைய ஹெல்மெட்டை என் பக்கம் தள்ளினாள். கீறலின் மேல் விரலை வைத்துக் காட்டினாள்.

"அங்கிள்," என்றாள், "இது ஆடல."